பத்தொன்பதில் நின்றது

லூஷியஸின் உயிருக்கு விலை மாதம் நாலாயிரம் டாலர். நாளுக்கு ஒன்று வீதம் முப்பது மாத்திரை. பேரம் படியாத சரக்கு. அரசாங்கமும் எச்.ஐ.வி. சங்கமும் கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை அவனுக்குச் சும்மாவே கொடுத்தன. ஆனால் அந்தச் சும்மாச் சரக்கை அவன் வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோக, சங்கத்தில் வேலை பார்க்கும் வெர்னெல் மாதாமாதம் அவன் அம்மாவிடம் ஒரு டப்பா கைக்கிரீம் விற்க வேண்டியிருந்தது.

மேற்கு ஜாக்சனில் அவன் வீடு இருந்த தெருவில் எச்.ஐ.வி. சங்கத்து வண்டி ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஞாயிறு ஆராதனைக்குள் பாடகர் குழு முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். லூஷியஸ் அந்தக் குழுவின் முதல் குரல். ஆகவே வெர்னெல் சங்கத்துச் சட்டையைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, அழகுப்பொருள் விற்கிறவளாகத் தோள்பையும் விலைப்பட்டியலுமாக இறங்குவாள். மாத்திரைகள் காலி கிரீம் டப்பா ஒன்றில் இருக்கும். வேஷம் கட்டினால் ஒழுங்காகக் கட்ட வேண்டுமே! அக்கம்பக்கத்துப் பெண்கள் நிஜமாகவே உதட்டுச்சாயம் கேட்டார்கள், விற்றாள். போன கிறிஸ்துமஸில் சம்பளத்தைவிடச் சாயத்தில்தான் அதிகம் பார்த்தேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளும் பதினோரு வருடமாக அதே மாத்திரையில் ஓடுகிறவள். அவளுக்கு மட்டும், காலையில் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்க ஒரு மகள் இருந்தாள்.

மே மாதம் முதல் வியாழக்கிழமை. லூஷியஸின் அம்மா ஓரா லீ கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடியம்மா, பகல் கொள்ளைக்காரி. இன்னைக்கு எவ்வளவு புடுங்கப் போற?"

"பன்னெண்டு டாலர். உங்களுக்குன்னா பத்து. வெளியில சொல்லிடாதீங்க, என் பொழப்புல மண்ணு விழுந்துடும்."

"எட்டு."

"டப்பாவே எட்டு ஆகுதும்மா. கிரீமை வழிச்சு வச்சுக்கிட்டு வெறும் டப்பாவைத் தரட்டுமா?"

ஓரா லீ கரண்டியை ஓங்கிச் சிரித்தாள். "அவன் பின்னால மரத்தடியில இருக்கான். போ. ஏதாவது சிரிக்கிற மாதிரி பேசிட்டு வா."

லூஷியஸ் நாற்காலியில் இருந்தான். உட்கார்ந்திருப்பது அவன் சட்டை, அதற்குள் அவன் இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வெர்னெல் போன மாத டப்பாவை வாங்கி உள்ளங்கையில் கொட்டினாள். இரண்டு மீந்திருக்க வேண்டும். பதினேழு இருந்தன.

"தம்பி, கணக்கு உதைக்குதே."

"மறந்துட்டேன்க்கா."

"நூறு பாட்டு மனப்பாடம். இது மட்டும் மறந்துடுமா?"

அவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். "மார்ச்ல நான் நிமோனியாவுல விழுந்தேன்ல, அன்னையிலேருந்து அம்மா என் ரூம்லதான் படுக்குது. எந்நேரம் திரும்பினாலும் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கு. கைக்குப் பூசறதை எடுத்து வாயில போட்டா கேக்காதா?"

"ரத்த ரிசல்ட் வந்திருக்கு. இன்னொரு நிமோனியா வந்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாகிட்ட சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அது தாங்காதுக்கா."

"நீ போயிட்டா மட்டும் தாங்குமா?"

"அன்னையர் தினம் முடியட்டும். தனிப்பாட்டு எனக்குத்தான் குடுத்திருக்காங்க. அம்மா வெள்ளைத் தொப்பி வாங்கி வச்சிருக்கு, முன்வரிசையில உக்கார. அது முடிஞ்சதும் சொல்லிடறேன்."

வெர்னெல் பதினேழையும் பையில் போட்டுக்கொண்டு புது டப்பாவைக் கொடுத்தாள். காரைக் கிளப்பும்போது கண்ணாடி தட்டப்பட்டது. ஓரா லீ பணத்தோடு நின்றாள். பேரம் முடிந்த பத்து அல்ல; முழுசாகப் பன்னிரண்டு.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?"

நீட்டிய கையை வெர்னெல் அப்போதுதான் பார்த்தாள். மூன்று வருடமாக வாங்கிய கிரீமில் ஒரு துளியும் படாத கை. சலவைச் சோடாவில் வெடித்து, கணுவெல்லாம் வெளுத்துக் கிடந்தது. இவள் கிரீம் வாங்கவில்லை, வெர்னெல் திரும்பத் திரும்ப வருவதைத்தான் வாங்கியிருக்கிறாள் என்று உறைத்தது. 'பின்னாடி' என்று ஒரு சொல் போதும். ஆனால் நோயாளி கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் பெற்ற தாயிடமும் வாய் திறப்பதில்லை என்பது சங்கத்தில் செய்து கொடுத்த சத்தியம். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நர்ஸ் நல்ல மனசோடு வாய் திறந்ததில்தான் வெர்னெலின் மூட்டை முடிச்செல்லாம் தெருவுக்கு வந்தது.

"எந்த மாத்திரைம்மா? அது கைக்குப் பூசறதுதானே."

ஓரா லீ அவளையே பார்த்தாள். "ஆமாமா. வயசாயிடுச்சு பாரு" என்றாள். பணத்தை வெர்னெலின் மடியில் வைத்துவிட்டு நடந்தாள். தெருமுனை வரை வெர்னெல் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அன்னையர் தின ஞாயிறன்று லூஷியஸ் தனிப்பாட்டைப் பாடினான். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்தியபோது, சபை முழுவதும் அந்த அடியை எடுத்துப் பாடி அவனைத் தூக்கிவிட்டதாம். அந்த வெள்ளிக்கிழமையே ஆம்புலன்ஸ் வந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவன் உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை, வெர்னெல் முதல்முறையாகப் பையில்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். சமையலறை மேசை கொள்ளாமல் சபையார் கொண்டுவந்த கேக்குகள். ஒன்றும் வெட்டப்படவில்லை. ஓரா லீ டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள்.

"மிச்சம் பத்தொம்பது இருக்கு. வேற யாருக்காவது ஆகும்ல?"

"குடுத்ததைத் திருப்பி வாங்கி இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதும்மா."

"சரி."

"அம்மா, அன்னைக்குக் கார்ல..."

"உன் வேலை அப்படி. விடு." ஓரா லீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். இன்னைக்காவது முழுங்கறானான்னு பாக்கணும். பாத்துட்டா நிம்மதியாத் தூங்கலாம்னு."

அம்மா முழித்திருப்பதைப் பற்றி மரத்தடியில் அவன் சொன்னது வெர்னெலின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"அவன் அசந்த நேரம் பாத்து எண்ணுவேன். எழுதியும் வச்சேன்." ஓரா லீ குளிர்சாதனப்பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள்.

அங்கே, அடக்கம் செய்து தரும் கடைக்காரர்கள் வருடா வருடம் இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டி தொங்கியது. மே மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஓர் எண். முப்பது. இருபத்தொன்பது. மறுபடியும் இருபத்தொன்பது. இருபத்தெட்டு. பத்தாம் தேதிக்குள் தட்டுத் தடுமாறி இருபத்து நான்கு. அன்னையர் தினத்திலிருந்து எண் தவறாமல் இறங்கியது: இருபத்து மூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. ஐந்து நாள், ஐந்து மாத்திரை. அடுத்த கட்டம் ஆம்புலன்ஸ் வந்த வெள்ளிக்கிழமை, பத்தொன்பது. மறுநாளும் பத்தொன்பது. அவன் போன நாளிலும் பத்தொன்பது. நேற்றும்.

இன்றைய கட்டம் காலியாக இருந்தது. ஓரா லீ எழுந்து, டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு போய் எழுதினாள்: பத்தொன்பது.