இரண்டு முழ மணல்

1

அகழாய்வு அறிக்கை வெளியாக இன்னும் நாற்பத்தொரு மணி நேரம். அதற்குள் மகள் அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அவள் இழுத்தடித்ததால்தான் இந்தக் கதை. உடனே சொல்லியிருந்தால் எனக்கு வேலையே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘காலம் என்னும் பெருநதியின் கரையில் ஐயாயிரம் ஆண்டுகளாக—’

(நதியில் சாக்கடை கலக்கிறது. அடித்துவிட்டேன்.)

2

அப்பா சுற்றுலா வழிகாட்டி. இருபத்தாறு ஆண்டுகளாகப் பழைய மதில் வாசலில் குடையை உயர்த்தி ஒரே வரியைச் சொல்கிறார்: “அஞ்சாயிரம் வருஷம்! ஒரு நாள்கூட இந்த ஊர் காலியா இருந்ததில்ல!” கூட்டம் கைதட்டும். அவரும் சேர்ந்து தட்டுவார்.

(ஐயாயிரம் என்பது நகராட்சிக் கணக்கு. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.)

மகள் அகழாய்வுக் குழுவில் மண்ணைப் பரிசோதிப்பவள். இந்த ஊரில் யார் தோண்டினாலும், வெறும் மணல் தட்டுப்பட்டதும் “அடி வந்தாச்சு” என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் ஆழத்தைத் தப்பாக அளந்து, இரண்டு முழம் கூடுதலாகத் தோண்டிவிட்டாள். மணலுக்குக் கீழே மறுபடியும் பானை ஓடு, சாம்பல், அடுப்பு.

(புரிந்தவர்கள் வாயைத் திறக்காதீர்கள். அப்பா இன்னும் கேட்கவில்லை.)

3

அறிக்கை செய்தித்தாளில் வந்த பிறகு, கூட்டத்தில் யாராவது அதை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினால்? அந்தப் பயத்தில் இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள்.

“அப்பா, மணல்ல ஒரு விஷயம்...”

“சின்ன வயசுல மண்ணைத் தின்னே. இப்ப அதுக்குச் சம்பளம் வேற. அந்தக் கிண்ணத்தை எடு.”

கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். முப்பத்துநான்கு மணி நேரம் மிச்சம்.

4

முடிவு ஒன்று: அப்பா சிரிக்கிறார். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: அப்பா குடையை மடித்துப் பரண்மேல்— (எழுத மாட்டேன்.)

முடிவு மூன்றை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவலாம் என்றிருந்தேன். அதற்குள், கூச்ச சுபாவம் என்று நான் எழுதி வைத்திருந்த மகள் தானே எழுந்து அப்பா இருந்த வாசலுக்குப் போய்விட்டாள்.

5

கடைசி ஒரு மணி நேரம். அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பரீட்சையில கோட்டை விட்டவ மாதிரி நிக்கறே?”

“இன்னிக்கு அந்த வரியைச் சொல்லாதீங்கப்பா.”

“அது இல்லாட்டி நான் யாரு? குடை பிடிச்ச கிழவன்.”

பிரஷ் நின்றது. அவள் சொல்லியேவிட்டாள்.

“நடுவுல முந்நூறு வருஷம் இந்த ஊர்ல யாருமே இல்லப்பா. வெறும் மணல். அப்புறம் யாரோ வந்து, பழைய அடுப்பு இருந்த அதே இடத்துலயே மணலுக்கு மேல அடுப்பு வச்சிருக்காங்க.”