பூண்டு மணத்த பிரசாதம்

என் கடைசி மகள் அன்னக்கொடிக்கு மதுரை டவுனில் ஒரு வரன் வந்தது. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம். டவுன்காரனை நான் நம்புவதில்லை. ஆனாலும் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பெண்ணின் தாய்மாமன், என் மச்சினன் முத்திருளனைக் கூட்டிக்கொண்டு சமயநல்லூரில் ரயிலேறினேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடிக்காமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சோறு தின்றாலும் பெண்ணைக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். அதிலும் தாய்மாமன் தின்றுவிட்டால் பேச்சே கிடையாது.

நாங்கள் போனதும் மாப்பிள்ளையின் சித்தப்பன் மலையாண்டி இலையை விரித்தார். நான் உட்காரவில்லை.

"சரி, ஊரையாச்சும் சுத்திப் பாருங்கண்ணே" என்று கிளப்பினார்.

நாயக்கர் மகாலைப் பார்த்தோம். நாலு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற தூண். கீழே சுண்ணாம்பு விரலைத் தேய்த்த கறை, மேலே புறா எச்சம். அண்ணாந்து பார்க்கவே பயமாக இருந்தது.

"ராசா கட்டுனது" என்று சொல்லிக்கொண்டே, கூட வந்த மாப்பிள்ளை ஜெயக்கொடி அந்தத் தூணிலேயே வெற்றிலையைத் துப்பினான்.

அங்கிருந்து சாக்கடை ஓரமாகவே நடந்து தெப்பக்குளம் போனோம். தெப்பத் திருநாள் முடிந்த வாரம். வாடிய மாலையும் எச்சில் இலையும் மிதந்தன, பாசி நாற்றம் வேறு. பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களுக்குப் பக்கத்திலேயே வாய் கொப்பளித்து உமிழ்ந்தான்.

நடு மண்டபத்துக்குத் தோணியில் போனோம். தள்ளியவர் என் வயசுக் கிழவர். மாப்பிள்ளை எழுந்து நின்று தோணியை ஆட்டினான்.

"ஆட்டாதீக தம்பி, கவுந்துரும்" என்று கும்பிட்டார் கிழவர்.

"பொத்திக்கிட்டுத் தள்ளுடா" என்றான். மலையாண்டி சிரித்தார்.

இவனுக்கா என் மகள்? முடியாது என்று அங்கேயே முடிவு செய்தேன். கரையேறிச் சொல்லலாம் என்றிருந்தேன்.

மண்டபத்தில் மலையாண்டி பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். புளிச்சோறு.

"கோயில் பிரசாதம்ணே. இதுல கை நனைக்கிற பேச்சே இல்ல. சாமி குடுத்ததை வேணாங்கலாமா?"

பிரசாதம் என்றதும் முத்திருளன் ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டான். காலையிலிருந்து பட்டினி, பாவம். நான் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். பூண்டு வாசம்.

"எந்தச் சாமிய்யா பூண்டு திங்கிது?" என்றேன்.

மலையாண்டி மழுப்பவில்லை. பல்லைக் காட்டினார். "எங்க வீட்டுச் சோறுதான். தாய்மாமன் கை நனைச்சாச்சு, சம்மந்தம் முடிஞ்சது. தேதி சொல்லுங்கண்ணே."

முத்திருளன் முகம் வெளுத்துப் போனது. "மச்சான், முழுங்கிட்டேனே!"

"கக்குடா முத்திருளா" என்றேன்.

தொண்டைக்குள் விரலை விட்டான். மண்டபத்துப் படியில் அத்தனையும் வந்து விழுந்தது. மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, காட்டுப் பயலுக!" என்றான். தூணில் துப்பியவனுக்கு இது அருவருப்பாம்!

"உங்க சோறு உங்ககிட்டயே வந்துருச்சு. பொண்ணு இல்ல, போங்க" என்றேன்.

எங்களை அங்கேயே விட்டுவிட்டுத் தோணியில் ஏறிப் போனார்கள். நாங்கள் தெப்பத் தண்ணீரை மொண்டு படியைக் கழுவினோம். அவர்களை இறக்கிவிட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்தார் கிழவர்.

"பொண்ணைக் குடுத்துட்டீகளா?" என்றார்.

"இல்ல."

"நல்லது" என்று கோலை ஊன்றினார்.

பொழுது சாய வீடு சேர்ந்தோம். அன்னக்கொடி வாசலிலேயே நின்றாள். சம்மந்தம் பேசப் போன ஆள் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டிய வயிற்றைத்தான் பார்த்தாள்.

"பசியோடயா வந்தீக?"

"காலையிலருந்து."

சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிக் கம்பங்கூழைச் சட்டியோடு தூக்கி வந்தாள். முத்திருளன் மூன்று கும்பா குடித்தான்.