தண்ணீர் நின்றபோது

அவள் வேலை பார்த்தது மண் பரிசோதனைக் கூடத்தில். வீடு கட்டப்போகிறவர்கள் கொண்டுவரும் மண்ணை உலர்த்தி, சலித்து, நனைத்துப் பார்த்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக்கொடுப்பாள். அண்ணன் அவளை 'மண்ணாங்கட்டி' என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணனின் அச்சகம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. கீழே மெஷின், மாடியில் குடித்தனம். பின்னால் சரிவைத் தாங்கி இரண்டு ஆள் உயரத்துக்குக் கற்சுவர். மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் வரிசையாகக் குழாய்கள் பதித்திருந்தார்கள்.

ஐந்தாவது நாளாக மழை. மதியம் அண்ணன் போன் செய்தான்.

"பின்கதவு இறுகிக்கிச்சு. தோளால இடிச்சும் நகரலை. மழையில ஊறிடுச்சு போல. பக்கத்துக் கடைத் தச்சரைக் கூப்பிட்டு இழைப்புளியால கொஞ்சம் சீவச் சொல்லவா?"

"அண்ணா, அது இரும்புக் கதவு. இரும்பு எங்க ஊறும்?"

கதவு மாறவில்லை என்றால் நிலை கோணியிருக்க வேண்டும். நிலை கோணினால் அடிமண்ணோடு வீட்டின் பின்சுவரே நகர்ந்திருக்க வேண்டும். லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பக்கச்சந்து வழியாகப் பின்புறம் போனாள். எந்த மழைக்கும் கண்ணாடி மாதிரி வடியும் குழாய்களில் இன்று பால் கலந்த டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. விரலில் தேய்த்தாள். வழவழவென்று களிமண். சரிவுக்குள் இருப்பது பார்வைக்குத்தான் பாறை. எத்தனையோ காலமாக வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி இறங்கி அது உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருந்தது. கையால் பிட்டால் உதிரும். இப்போது அந்த மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்களில் தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. மழை நிற்கவில்லை.

உள்ளே ஓடினாள். மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"தண்ணி நின்னுடுச்சுன்னா நல்லதுதானே, மண்ணாங்கட்டி?" என்று சிரித்தான் அண்ணன்.

"குழாய் அடைச்சிருக்குண்ணா. வெளிய வராத தண்ணி எங்க போகும்? பின்னாடியே தேங்கிச் சுவரைத் தள்ளுது. எனக்குப் பயமா இருக்கு."

இருபத்தாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவன் கேட்டிராத வார்த்தை அது. பல்லி விழுந்தால்கூடத் தட்டிவிட்டுப் போகிறவள். மெஷினை நிறுத்தினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்சுவருக்கு அப்பால் டிக்... டிக்... என்று கூழாங்கற்கள் உதிர்ந்தன.

"உங்க அண்ணி குளிக்கப் போனா," என்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் கூட்டிட்டு வர்றேன். நீ பக்கத்துத் தச்சரை வெளிய இழு. அவருக்குக் காது கேக்காது."

மாடிப்படி பின்சுவரை ஒட்டியே ஏறியது. பாதியில் சுவரின் சுண்ணாம்பு பிளந்து, விரல் நுழையும் அகலத்துக்கு விரிசல். அதைத் தாண்ட மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள்.

"அண்ணி! அப்படியே வாங்க!"

"தலையெல்லாம் சோப்பு. ஒரு நிமிஷம் இரு."

"அந்த ஒரு நிமிஷம் நம்மகிட்ட இல்லை அண்ணி!"

கதவு திறந்தது. நுரையும் பாவாடையுமாக நின்ற அண்ணியின் தோளில் துண்டைப் போட்டு இழுத்தாள்.

"நாலு பேர் பார்ப்பாங்கடி..."

"உயிரோட பார்க்கட்டும்."

படியில் இறங்கும்போது சுவர் ஒரு முறை முனகியது. அண்ணி அதற்கப்புறம் பேசவில்லை.

அவர்கள் தெருவைக் கடந்ததும் தச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் வந்து சேர்ந்தான். திரும்பிப் பார்த்தபோது, பக்கச்சந்தின் கோடியில் தெரிந்த கற்சுவரின் நடுப்பகுதி வயிறு மாதிரி உப்பியது. பிறகு சரிவு இறங்கியது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற கனத்த சத்தம். செம்மண் கூழும் அதில் மிதந்த பாறைகளும் பின்பக்கமாக நுழைந்து, அச்சகத்தின் முன்கதவு வழியாக மெஷினைத் தெருவுக்குத் தள்ளின. மாடிப்படி இருந்த இடமே தெரியவில்லை.

யாரும் சாகவில்லை. அண்ணன் தெருவிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் மட்டும் கிட்டி, வாய் திறக்க முடியாமல் நின்றாள்.

பத்து நாள் கழித்து வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார்கள். அண்ணி அடுப்படியையும் வெளிச்சத்தையும் பார்த்தாள். அண்ணன் கடைசி அறைக்குப் போய்ப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வெறும் தெருண்ணா. சமதரை."

"நீ போய்ப் பார்த்தியா?"

பார்த்திருந்தாள். இரண்டு முறை. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போனாள்.