எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது

“உஷ்… மாமா கேட்டுக்கிட்டிருக்காரு” என்று கையைக் குறுக்கே நீட்டினான் ஸ்பானர். பந்தயத் திடலில் எடுபிடியான அவனுக்கு அதுதான் பெயர்.

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்த பல் டாக்டர் அப்படியே நின்றார். வண்டி அவருடையது. இன்னும் அரைமணியில் ஓட்டப்போகிறவரும் அவர்தான். ஆனாலும் நின்றார். அந்தக் கொட்டகையில் அதுதான் சட்டம்.

மாமா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கூரையில்லாத பச்சை வண்டி. ஸ்பானரைவிடப் பதினைந்து வயது மூத்தது. வருஷத்தில் இரண்டு நாள், பழைய வண்டிகளுக்கு மட்டும் நடக்கிற பந்தயத்துக்காகவே மீதி நாளெல்லாம் துடைத்து வைக்கப்படுகிற வண்டி. எஞ்சின் ஐடிலில், நின்ற இடத்திலேயே மெதுவாக, ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் கண்கள் மூடியிருந்தன. தலை இடதுபக்கம் சாய்ந்திருந்தது. கைகள் மடியில்.

எஞ்சினை அவர் கேட்கிற விதம் அதுதான். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடி உட்காருவார். எந்தக் கார்புரேட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது, எந்த வால்வு சோம்பல் படுகிறது என்று இறங்கும்போது சொல்லுவார். பந்தயத் திடலில் அவருக்குப் பெயரே ‘காது’. கேட்கிற நேரத்தில் எவனாவது வாயைத் திறந்தால் கைக்குக் கிடைப்பது பறந்து வரும். ஒருமுறை திடல் மேலாளரின் வெள்ளைச் சட்டையிலேயே எண்ணெய்த் துணி போய் ஒட்டியிருக்கிறது.

“இன்னும் எவ்வளவு நேரம்டா?” பல் டாக்டர் கிசுகிசுத்தார். “வரிசைக்கு வரச்சொல்லி மைக்குல கத்துறான்.”

“அவரே கையத் தூக்குவாரு. நீங்க போய் க்ளவுஸ் மாட்டுங்க டாக்டர்.”

“நேத்தே கேட்டாரே?”

“நேத்துக் கேட்டது நேத்தோட சரி. அதுக்கப்புறம் நீங்க ஓட்டினீங்கல்ல? பல்லப் பிடுங்குற கையில கியரக் குடுத்தா அதையும் பிடுங்கத்தான் பாப்பாருன்னு காலைல பூரா ஒரே புலம்பல்.”

பல் டாக்டர் சத்தமில்லாமல் சிரித்தார். மாமாவை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்பானர் பின் சக்கரத்தருகே குனிந்து காற்றைப் பார்த்தான். வேறு இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரன் ஒரு கிளிப் கேட்டு வந்தான். எல்லாரையும் கையைக் காட்டியே திருப்பி அனுப்பினான். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அக்காவைக் கட்டியவர் என்பதற்காக எடுபிடியாக வந்து சேர்ந்து, இருபத்திரண்டு வருஷமாகியும் கார்புரேட்டரில் கைவைக்க அனுமதி கிடைக்காதவன். ஆனால் மாமா கண்ணை மூடினால் காவல் அவன்தான்.

முதலில் வாசனைதான் வந்தது. வெந்த ரப்பரும் துருப்பிடித்த வெந்நீரும் கலந்த வாசனை. அந்த வண்டிக்கு விசிறி கிடையாது. ஓடினால்தான் குளிரும், நிறுத்தி வைத்து ஓட்டினால் ஏழு எட்டு நிமிஷத்தில் சூட்டு முள் தொண்ணூறைத் தொடும். தொண்ணூறுக்கு விடவே மாட்டார் மாமா. ஸ்பானர் தலையைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது.

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். “யோவ் மாமா, கொதிக்குதுய்யா! தூங்கிட்டியா?”

அப்படி அவன் கத்தியதே கிடையாது. எதுவும் பறந்து வரவில்லை. பாய்ந்து போய்ச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இரண்டு உதறு உதறி நின்றது. மாமாவின் தோளைத் தொட்டதும் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

எஞ்சினை எழுப்பும்போது பலகையில் நேரம் எழுதுவது அவர்கள் வழக்கம். சாக்பீஸில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: பத்து நாற்பது. சுவர்க்கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு.

அவன் கத்தின கத்தலில் திடலின் டாக்டரம்மா ஒரு நிமிஷத்தில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற பெட்டியோடு ஓடிவந்தாள். தரையில் கிடத்தி, சட்டையைக் கிழித்து, நெஞ்சை அழுத்தினாள். பெட்டியின் ஒயர்களை ஒட்டினாள். பெட்டி ஏதோ சொன்னது. மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே கேட்டாள். “எவ்ளோ நேரமா இப்படி இருக்காரு?”

“ரெண்டு நிமிஷம்” என்றான் ஸ்பானர். “ரெண்டு நிமிஷம்கூட இருக்காது மேடம்.”

பல் டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு கையில் க்ளவுஸ் மாட்டியிருந்தது, இன்னொன்றில் இல்லை. அவர் ஸ்பானரைப் பார்க்கவில்லை. மாட்டாத க்ளவுஸின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

*

மூன்று மணிக்கு உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். அக்கா அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டல் லாண்டரியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. மகள் வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஏழு மணிக்கு வந்துவிடுவாள்.

அந்த ரெண்டு நிமிஷம் ஸ்பானருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“ரெண்டே நிமிஷமாம்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “டாக்டர் பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் பண்ண முடியலையாம்.”

“பிடிச்ச வண்டில உக்காந்தபடியே. இதெல்லாம் குடுத்து வெச்ச சாவும்மா.”

“மச்சினன் மடியிலதான் உசுரு போச்சாம். தண்ணி கேட்டாராம், குடுத்தானாம்.”

ஸ்பானர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். மடியும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருந்தியே, அது போதும்” என்றார். அந்தக் கையை அவன் உருவிக்கொண்ட வேகத்தில் பெரியவர் தடுமாறிப்போனார்.

உள்ளே போனான். “அக்கா, கொஞ்சம் இங்க வா.”

சமையலறைக் கதவைச் சாத்தினான். அக்கா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள்.

“ரெண்டு நிமிஷம் இல்லக்கா.”

“எது?”

“பன்னெண்டு. சாவி போட்டது பத்து நாப்பது. நான் பார்த்தது பத்து அம்பத்திரண்டு. கேட்டுக்கிட்டிருக்காருன்னு நெனச்சிட்டேன். ஒருத்தரயும் கிட்ட விடல. பல் டாக்டர் வந்தாரு. அவரையும் கையக் காட்டி நிறுத்திட்டேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். “அத்தன நேரமும் நீ என்ன பண்ணின?”

“டயருக்குக் காத்துப் பார்த்தேன்.”

“எவ்ளோ தூரத்துல?”

“நாலடி.”

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அக்கா மேடையிலிருந்த டம்ளரை எடுத்து, அது ஏற்கனவே சுத்தமாக இருந்தும், குழாயில் கழுவிக் கவிழ்த்தாள்.

“அப்பவே பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

“தெரியல.”

“அந்த டாக்டரம்மாவக் கேட்டியா?”

“கேக்கல. அவங்ககிட்டயும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னேன்.”

“போய்க் கேளு.”

“இப்பக் கேட்டு என்னக்கா ஆகப்போவுது?”

“எனக்குத் தெரியணும். தெரியாம, நானா ஒண்ண நெனச்சு நெனச்சு உருட்டிக்கிட்டுக் கெடக்க என்னால ஆகாது. போடா. பொண்ணு வர்றதுக்குள்ள வந்துரு.”

*

நாற்பது நிமிஷப் பாதை. பந்தயத் திடலில் அன்றைய கடைசி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் செத்ததற்கு எஞ்சின்கள் என்ன செய்யும், அவை பாட்டுக்கு அலறின. மைக்கில் இருப்பவனும் அவன் பாட்டுக்கு எவனோ முந்துவதைப் பற்றித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

பல் டாக்டர் ஓட்டவில்லை. வண்டிமேல் உறையைப் போட்டு மூடிவிட்டு, ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பானரைக் கண்டதும் எழுந்தார்.

“என்னடா இங்க வந்துட்ட?”

“அக்கா டாக்டரம்மாவக் கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. முன்னாடியே கவனிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு.”

“சொல்லிட்டியா அக்காகிட்ட?”

“சொல்லிட்டேன்.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். “நானும் அஞ்சு வருஷம் படிச்சவன்தான்டா. முகத்தப் பார்த்தேன். உதடு ஒரு மாதிரி இருந்துச்சு. வெயில்னு நெனச்சேன். நீ கையக் காட்டினா நான் ஏன் நிக்கணும்?” வண்டி உறையின் நுனியை இழுத்துவிட்டார். “போய்க் கேக்காத. ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொன்னாங்கன்னு சொல்லிரு. வேணும்னா நான் வந்து சொல்றேன். நான் சொன்னா நம்புவாங்க.”

ஸ்பானருக்கு அது பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் போலிருந்தது. வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் அவனும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆனால் கால்கள் மருத்துவ அறைப் பக்கம் போய்விட்டன.

டாக்டரம்மா கைகழுவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுசாகக் கேட்டாள். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

“இதயம் எப்ப நின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். நீங்க பார்க்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நின்னிருந்தா, நான் செஞ்சது எல்லாம் சரியான நேரத்துலதான் செஞ்சேன். யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதுக்கு முன்னாடியே நின்னிருந்தா, அது வேற. அசைஞ்சாரா? ஏதாவது பேசினாரா?”

“அந்த நேரத்துல பேச மாட்டாரு.”

“கை, கால் ஏதாவது?”

கால்.

ஸ்பானர் தரையைப் பார்த்தான். கேட்கும்போது மாமா அரை நிமிஷத்துக்கு ஒருதரம் ஆக்ஸிலரேட்டரைத் தொடுவார். எஞ்சின் உர்ரென்று ஏறி இறங்கும். காலையிலும் ஏறி இறங்கியது. ஐந்தாறு தரம், மூன்று நிமிஷக் கணக்கு. அவன் அதைக் கவனித்துக் கேட்கவில்லை, ஆனாலும் காதில் விழாமல் போகுமா. கடைசித் தரம் ஏறியது பாதியில் வெட்டினாற்போல் இறங்கியது. அதன்பிறகு ஒரே சீரான ஐடில். அந்தச் சீரில்தான் பல் டாக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் கையை நீட்டியது அதற்கப்புறம்.

“பத்து நாப்பத்தி மூணு” என்றான். “அதுக்கு மேல கால் அசையல.”

“நிச்சயமா?”

“எஞ்சின் பொய் சொல்லாது மேடம்.”

அவள் துண்டை மடித்து வைத்தாள். “பல் டாக்டர் வந்தது?”

“ஒரு நிமிஷம் கழிச்சு.”

“அப்ப என்னக் கூப்பிட்டிருந்தா…” அவள் நிறுத்தினாள். “பாதிக்குப் பாதி. அதுக்கு மேல சொன்னா பொய். கொறச்சு சொன்னாலும் பொய்.”

*

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. கூடத்திலிருந்தவர்களை அக்கா வெளியே உட்காரச் சொல்லியிருந்தாள். கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம், லாண்டரி சோப்பு, ஒரு பழைய பிரஷ். மாமாவின் வலது கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் அழுத்தி, விரல் மடிப்புகளில் வட்டமாக, ஓட்டல் துணியில் ஒரு கறையும் விட்டுப் பழகாதவள் தேய்க்கிற மாதிரி.

ஸ்பானர் கதவோரம் நின்றான். வழியெல்லாம் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருந்தான். இரண்டும் வாய்க்குப் பழகிவிட்டிருந்தன.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

பிரஷ் நிற்கவில்லை. “என்ன சொன்னாங்க?”

“பாதிக்குப் பாதியாம்க்கா. பல் டாக்டர் வந்தப்பவே கூப்பிட்டிருந்தா.”

பிரஷ் நின்றது. அக்கா அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கையைப் பார்த்தாள். வெளியே யாரோ செருப்பைத் தேடினார்கள், கிடைத்தது, போனார்கள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் கிளம்பாமல் கடைசியில் கிளம்பியது.

“பாதி” என்றாள்.

“ஆமாக்கா.”

அவள் அந்தக் கையைத் துணியால் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக. மணிக்கட்டுவரை. துடைத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனாள். கறுத்த தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் திரும்பி வரவில்லை. ஸ்பானர் நின்ற இடத்திலேயே நின்றான். போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

வந்தபோது கிண்ணத்தில் புதுத் தண்ணீர் இருந்தது. அவளுடைய முகமும் நனைந்திருந்தது. கிண்ணத்தைக் கட்டிலின் மறுபக்கம் வைத்தாள்.

“ஏழு மணிக்குப் பொண்ணு வந்துருவா” என்றாள். “இடது கை இன்னும் இருக்கு.”

பிரஷ்ஷை மாமாவின்மேல் குறுக்கே நீட்டினாள்.

ஸ்பானர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். கை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தான். அவன் சோப்பை அதிகமாகப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. நுரை முழங்கைவரை வழிந்தது. அக்கா எட்டி, துணியின் ஒரு நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.