கருவாட்டுத் தராசில் மெட்டில்டா

“எனக்கு இன்னும் வேணும்” என்று 1974-ஆம் வருசத்துக் கிறிஸ்மஸ் மத்தியானம், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தட்டை நீட்டிக் கேட்டாள் ரோச் அண்ணாச்சியின் மகள் மெட்டில்டா. மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றாள். அன்று சாயங்காலம் அவள் எடை பதினேழு கிலோ. திரேஸ்புரம் ஊரே வாயில் கைவைத்து அதிசயப்பட்டது அவள் கேட்டதற்குத்தான். பதினேழு கிலோவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பெண்பிள்ளை கேட்டு வாங்கித் தின்னக் கூடாது, போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிட வேண்டும் என்று கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள் அம்மா இஞ்ஞாசியம்மாள். அண்ணன் இனிகோவுக்கு அப்படி எதுவும் சொன்னதில்லை. வாயைத் திறக்கும் முன்பே தட்டில் விழுந்துவிடும் என்பதால் கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். பி.எஸ்ஸி. இயற்பியல். பட்டமளிப்பன்று கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவை ரோச் அண்ணாச்சி இரண்டு பிரதி போட்டு, ஒன்றைக் கூடத்தில் மாட்டினார், மற்றதைக் கீழவைப்பாருக்கு அனுப்பினார். கீழவைப்பாரில் கிளாடிஸ் அம்மாளும், கப்பலில் மூன்றாம் எஞ்சினியராக இருந்த அவள் மகன் வளனும் படத்தைப் பார்த்துச் சரி என்றார்கள். அங்கிக்கு வெளியே முகம் மட்டும்தான் தெரிந்தது. ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு வந்து ஆளை நேரில் பார்த்த கிளாடிஸ், “படத்துல இவ்வளவு இல்லியே அண்ணாச்சி” என்றாள். “கப்பக்காரன் வருசத்துக்கு ரெண்டு மாசம்தான் வீட்ல கிடப்பான். அந்த ரெண்டு மாசமும் கண்ணுக்கு லெச்சணமா இருக்க வேண்டாமா? அம்பது கிலோவுக்குள்ள கொண்டாங்க, ஓலை எழுதிருவோம்.” கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு வாசிப்பதற்குத்தான் ஓலை என்று பேர். மெட்டில்டா அப்போது அறுபத்து மூன்று கிலோ. ஒரு நோவும் இல்லை, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவாள்.

ரோச் அண்ணாச்சி கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறவர். வீட்டை ஒட்டியே கிட்டங்கி, கிட்டங்கிக்குள் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் மூட்டைகளுக்கு நடுவில் பட்டதாரி ஏறி நிற்பாள். கிட்டங்கி ஆள் செல்லப்பாண்டி எடையை உரக்கச் சொல்லிச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவான்: நெத்திலி நாற்பது, சாளை அறுபத்திரண்டு, பாப்பா அறுபத்தொன்று. அவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அந்த வீட்டில் யாருக்குமே கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல எண்ணத்தோடுதான் அவளைச் சாளைக்கும் நெத்திலிக்கும் நடுவில் ஏற்றினார்கள். டிசம்பர் பிறந்ததும், கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம் வாயைக் கட்டும் திருவருகைக்கால ஒறுத்தல் என்று ஒரு சாக்கும் கிடைத்தது. காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மத்தியானம் ஒரு கரண்டி சோறும் ரசமும், ராத்திரி பப்பாளியில் ஒரு கீற்று. அடுக்களைக்கு ஒரு பூட்டு, சாவி அம்மாவின் இடுப்பில். பாலன் பிறப்புக்காகப் பிள்ளை ஒறுத்தல் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வரைக்கும் இறங்கியது.

கிறிஸ்மஸ் சாப்பாட்டில் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கடைசிப் பந்தி. அன்று கிளாடிஸ், “மருமவ என் எதுத்தாப்புல உக்காரட்டும்” என்றாள். பாசம் என்று நினைத்தாள் இஞ்ஞாசியம்மாள். எவ்வளவு தின்கிறாள் என்று பார்ப்பதற்காக உட்காரவைத்தது. நெய்ச்சோறும் பன்றிக்கறியும் கோழியும் சீலா வறுவலும் மேசையில் இருக்க, மெட்டில்டா தட்டில் ஒரு கரண்டி சோறும் ஒரு எலும்பும் விழுந்தன. கிளாடிஸ் இரண்டாம் தடவை சோறு வாங்கிக் குழம்பை ஊற்றியபடி, “போதும்லா தாயி? உனக்குப் பசியே எடுக்காதாமே, அம்மா சொன்னா” என்றாள். அப்போதுதான் மெட்டில்டா இன்னும் வேணும் என்று கேட்டாள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி, “ஏளா” என்றாள். “பசிக்கிம்மா. நாலு வாரமாப் பசிக்கி.” வளன் சிரித்தான். “சிரிச்சது போதும், அந்தக் கறிச்சட்டியை இங்கன தள்ளுங்க” என்றாள் அவனிடம். அவன் தள்ளினான். ரோச் அண்ணாச்சி எழுந்து கை கழுவப் போனவர், கழுவிக்கொண்டே இருந்தார்.

விருந்தாளிகள் போனதும் அம்மா அடுக்களையில் அழுதாள். “நான் இந்த வீட்டுக்கு வந்து இருவத்தாறு வருசம். ஒரு நாள் ஒரு கரண்டி கேட்டிருப்பேனா?” “ஒங்களுக்கும் சேத்துத்தான் கேட்டேன்” என்றாள் மகள். அப்பா அவளைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றி, அறுபதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்துத் தராசுத் தண்டில் குண்டைத் தள்ளினார். தண்டு தூக்கவில்லை. பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தார். பதினேழில் நின்றது. ஆள் அப்படியேதான் இருந்தாள், அதே ரவிக்கை, அதே வளையல், ஒரு நூல் தளரவில்லை. மறுநாள் காலை நூற்று நாலு. வெள்ளிக்கிழமை முப்பத்தொன்று. புத்தாண்டன்று இருநூற்று எட்டு, கோயிலில் முழங்கால் பலகை முறிந்தது. ஜனவரி ஏழாம் தேதி ஒன்பது கிலோ. கடற்கரைக்குப் போனவளை வாடைக்காற்று தூக்கிக்கொண்டுபோய், காயப்போட்டிருந்த வத்தைப் படகுப் பாயில் சேர்த்தது. வத்தைக்காரர்கள், “யாரு, ரோச் அண்ணாச்சி மவளா? பாத்து எறங்கு தாயி” என்று இறக்கிவிட்டு வலை பொத்தப் போனார்கள். அன்று முதல் அம்மா, சங்கு குளிக்கிறவர்கள் அமிழ்வதற்கு வைத்திருக்கும் கல்லில் ஒன்றை வாங்கி அவள் பாவாடை நாடாவில் கட்டிவிட்டாள். எடை கூடின நாளில் அதை அவிழ்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்குச் சந்தேகம் தராசு மேல்தான் வந்தது. பெண்பிள்ளை எடை மாறுமா, ரோச் தராசில்தான் கோளாறு என்று பேச்சு. கரைக்காரர்கள் மீனை வேறு கிட்டங்கிக்குக் கொண்டுபோனார்கள். எடையளவு இன்ஸ்பெக்டர் வீரபாகு வந்து முத்திரைக்கல்லை வைத்து அரை நாள் சோதித்தார். “தராசு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. நிறுக்கிற பொருள்தான் சரியில்ல.” கதவோரம் நின்ற மெட்டில்டா, “பொருளுக்குப் பேர் இருக்கு சார்” என்றாள். அவர் பேரைக் கேட்டுக்கொள்ளாமல், தராசில் அந்த வருசத்து முத்திரையைக் குத்திவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார். கரைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். எடைக்குக் காரணம் கண்டுபிடிக்க வீட்டில் தவக்காலம் முழுக்க முயன்றார்கள். கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுத்தால் நூற்றைம்பது, பட்டினி போட்டால் எண்பத்தாறு, அதே பட்டினிக்கு இன்னொரு நாள் இருபத்து நாலு. கொள்ளு, வெந்தயம், வேப்பிலை, நவநாள் செபம். எதற்கும் எடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மெட்டில்டா முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். மூன்று வருசம் ஆய்வுக்கூடத்தில் தராசு பிடித்தவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தவக்காலம் முடியும் முன்பே ஒரு நாள் அவள் அடுக்களைப் பூட்டைக் குழவிக்கல்லால் அடித்துத் திறந்தாள். தின்றாலும் ஒன்று தின்னாவிட்டாலும் ஒன்று என்றால் தின்கிறேன் என்று சட்டியைத் தரையில் வைத்து உட்கார்ந்து தின்றாள். பசி போனபிறகு கோபம்தான் மிஞ்சியது. அதற்குத் தீனி அந்த வீட்டில் தாராளமாகக் கிடைத்தது.

உயிர்ப்புத் திருவிழா முடிந்த இரண்டாவது வாரம் கிளாடிஸ் மகனோடு வந்து, நேரே கிட்டங்கிக்குப் போய், “ஏத்துங்க பாப்போம்” என்றாள். முந்தின நாள் தொண்ணூறு கிலோ. அன்று, யார் செய்த வினையோ, நாற்பத்தொன்பதரை. செல்லப்பாண்டி சுவரில் எழுதினான். கிளாடிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதா கண்ணைத் தெறந்துட்டா அண்ணாச்சி.” “நாளைக்கு வேற மாரி இருக்கும் மாமி” என்றாள் மெட்டில்டா. “நாளைக்கு யாரு நிறுக்கப் போறா?” “சரி, நான் ஏறியாச்சி. ஒங்க மவனை ஏறச் சொல்லுங்க.” அப்பாவும் இனிகோவும் ஒரே நேரத்தில், “ஏளா!” என்றார்கள். வளன் நல்ல சுபாவம், வேடிக்கை என்று நினைத்து ஏறினான். எண்பத்தேழு. “ஆம்பளைன்னா அந்தக் கனம் வேணும்” என்று கிளாடிஸ் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், செல்லப்பாண்டி அதைச் சுவரில் எழுதவில்லை. எழுதச் சொன்னாள் மெட்டில்டா. அவன் அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

ஓலை எழுதினார்கள். மே பதினெட்டாம் தேதி முதல் ஓலை. அந்த வாரமே சர்வீஸ் கமிஷனிலிருந்து அவளுக்கு வேலை உத்தரவும் வந்தது, ஓட்டப்பிடாரம் யூனியன் ஆபீசில் கிளார்க். பரீட்சை எழுதப் போனது காலேஜ் சிநேகிதிக்கு மட்டும்தான் தெரியும். அப்பா உத்தரவை வாங்கிப் படித்து, “ஓலை வாசிச்ச பிள்ளைக்கு ஆர்டர் என்னத்துக்கு?” என்று பழைய பில்களோடு கம்பியில் குத்திவைத்தார். அவர் பகல் தூக்கத்துக்குப் போனதும் அவள் அதை உருவி எடுத்தாள். மறுநாள் கோயிலை ஒட்டிச் சாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போய்ப் பங்குச் சாமியிடம், “தடை இருந்தாச் சொல்லணும்னு வாசிச்சிய. எனக்குச் சம்மதம் இல்ல சாமி” என்றாள். சாமி வருத்தப்பட்டார். சம்மதம் இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று விளக்கினார். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தாள். வாசித்துவிட்டு, “கீழ அப்பா கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டு வந்திரும்மா” என்றார். மே இருபத்தைந்தாம் தேதி இரண்டாம் ஓலை.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, துணிக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஓட்டப்பிடாரம் பஸ் ஏறினாள். அன்று நூற்றெழுபது இருக்கும், பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் நடு சீட்டுக்கு வாங்க” என்றான், வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு வந்த பதினொரு வருசமும் அந்தத் தடத்தில் அப்படித்தான் நடந்தது. கனமான நாளில் நடு சீட்டு, லேசான நாளில் யாராவது ஒரு கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்து, “பிடிச்சிக்கிடுங்க” என்பார்கள்; நாற்காலி உடைந்தால் ஆபீசில் வேறு நாற்காலி வரும். மழை பெய்யும் நாளும் பெய்யாத நாளும் எப்படியோ அப்படி அவர்களுக்கு அவள் எடை. அந்த முதல் நாள் ஆபீசில் ஓட்டை விழுந்த உத்தரவைத் தூக்கிப் பார்த்த மேனேஜர், “எலி கடிச்சிட்டாம்மா?” என்றார். “எங்க அப்பா சார்” என்றாள். கையெழுத்துப் போட்டாள். ஆறுமுகத்தாய் என்கிற விதவை வீட்டில் ஓர் அறை பேசி, பையில் கொண்டுபோன இரண்டு சேலையை அங்கேயே வைத்துவிட்டு வெறும் பையோடு திரும்பினாள். துணி அமையவில்லை என்று வீட்டில் சொன்னாள்.

ஜூன் முதல் தேதி மூன்றாம் ஓலை. அதே நேரம் கீழவைப்பாரிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. இங்கே, தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமி வாசித்து முடித்ததும், பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து மெட்டில்டா எழுந்தாள். “தடை உண்டு சாமி. பொண்ணுக்குச் சம்மதம் இல்ல. நான்தான் பொண்ணு.” ஒரு குழந்தை அழுதது. “உக்காருளா” என்று அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ விட்டுவிட்டாள். அப்பா பீடத்தையே பார்த்தபடி இருந்தார். அவள் நடுவழியில் நடந்தாள். வாசலில் இனிகோ குறுக்கே நின்றான். “ஏளா, வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்.” “நான் பேசியாச்சி. வழியை விடு.” அவளைப் பிடிக்கலாமா என்று அவன் யோசித்தான். பிப்ரவரியில் ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து அவன் தோள்பட்டை இறங்கியிருந்தது. மார்ச்சில் அதே வேகத்தில் இழுத்தபோது அவள் அவன் தலைக்கு மேலே போய்விட, அவன் மல்லாக்க விழுந்து பின்மண்டையில் மூன்று தையல். இன்றைக்கு எப்படி என்று அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கினான். வெளியே செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடி எடுத்து மாட்டினாள். உள்ளே சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஓலையை வாசிக்க ஆரம்பித்தார். மெட்டில்டா படி இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.