தகரத்துக்கு ஒத்துக்காத எண்ணெய்

ரேணுகா காலையில் எழும்போதே களைத்துப்போய்த்தான் எழுவாள். விடிய விடிய நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தால் எவளுக்குத் தூக்கம் வரும்? போதாததற்குக் கை அரிப்பு. சொறிந்தால் எரிச்சல், சொறியாவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும். இந்த லட்சணத்தில் சோறாக்கி வைத்துவிட்டு, நெமிலிச்சேரியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, மண்ணூர்பேட்டை வரை ஷேர் ஆட்டோவில் அரை இடுப்பை வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

அது தகரக் கதவுகளுக்கு வண்ணம் ஏற்றுகிற பட்டறை. மின்சாரப் பெட்டிகளுக்கு மாட்டுகிற சாம்பல் நிறக் கதவுகள். ஈரப் பெயின்ட் கிடையாது; மாவு மாதிரி பவுடரைத் துப்பாக்கியால் அடித்து, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். அமிலத் தொட்டியில் குளித்துக் காய்ந்து வரும் கதவுகளை, ஓடுகிற சங்கிலியின் கொக்கிகளில் மாட்டிவிடுவதுதான் ரேணுகாவின் வேலை. மாட்டியது பவுடர் அறைக்குள் போகும். அங்கே அடிக்கிற பவுடரில் கொஞ்சம் தவறாமல் அவள் மூக்குக்கு வரும். முகத்துக்கு மாஸ்க் கொடுத்திருந்தார்கள், கைக்கு மெல்லிய நூல் கையுறை கொடுத்திருந்தார்கள். கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. டாக்டரம்மா தங்கமானவள். உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்து, “தூசிப் பக்கம் போகாதீங்க, கெமிக்கல் தொடாதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றாள். ரேணுகா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் தூசியும் கெமிக்கலும் இருக்கிற இடத்துக்கே போய் நின்றாள். வேறு எங்கே போவது? நீலகிரித் தைலத்தைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சு கொஞ்சம் திறந்தது, தோல் தீய்ந்த மாதிரி சிவந்து போனது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்குகிற உடம்பு அவளுக்கு.

மகள் சிம்ரன் ஆவடியில் ஒரு பார்லரில் வேலை செய்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் விரல் நீளத்தில் ஒரு நீலக் குப்பியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

“இன்னாடி இது, சென்ட்டா?”

“சென்ட்டு இல்லமா. ரோசலினான்னு ஒரு மரத்து எண்ண. மூஞ்சி சட்டுனு செவந்து போறவங்களுக்கு இதத்தான் தேங்காண்ணெயில கலந்து போடுவோம். தைலம் மாதிரி எரியாது. கையிலயும் தடவிக்கோ, நெஞ்சுலயும் தடவிக்கோ.”

“எரிஞ்சா உன்ன ஒதப்பேன்.”

“மொதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வெச்சுப் பாரு. எரிஞ்சா ஒத.”

எரியவில்லை. எலுமிச்சையும் தைலமும் கைகோத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு மெல்லிய வாசனை. மகளே தேங்காயெண்ணெயில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, வெடித்த விரல் இடுக்குகளில் தடவிவிட்டாள். ரேணுகா அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து விடியும் வரை தூங்கினாள். மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை, விசில் நிற்கவில்லை, சத்தம் குறைந்தது, அவ்வளவுதான். உறிஞ்சுகிற மருந்தும் பையில் இருந்தபடியே இருந்தது. ஆனால் குறைந்ததே பெரிய பாக்கியமாக இருந்தது அவளுக்கு. ராத்திரி தடவியதோடு நிற்காமல், காலையில் கையுறை மாட்டுவதற்கு முன்னாலும் ஒரு முறை தடவிக்கொண்டாள்.

சில நாளில் பட்டறையில் தகராறு ஆரம்பித்தது. சுட்டு வரும் கதவுகளில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். வட்டமாக, நடுவில் தகரம் தெரிய, முறைத்துப் பார்ப்பது போல இருக்கும். பட்டறைக்காரர்கள் அதற்கு மீன் கண் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மீன் கண் விழுந்த கதவை, ஆர்டர் கொடுத்த கம்பெனி வாங்காது. சூப்பர்வைசர் லோகநாதனுக்கு முதலாளி போன் போட்டுப் போட்டே காது பழுத்துவிட்டது. அவர் காற்று பம்பைப் பிரித்தார், ஃபில்டரை மாற்றினார், பவுடர் மூட்டையை மாற்றினார். கடைசியில் வெள்ளிக்கிழமை பூஜையில் பெரிய பூசணிக்காயாகப் பார்த்துப் பவுடர் அறைக்குத் திருஷ்டி சுற்றி வாசலில் உடைத்தார். திங்கட்கிழமை மீன் கண் இன்னும் கூடுதலாக விழுந்தது.

அப்புறம்தான் அவர் பார்வை புஷ்பா பக்கம் திரும்பியது. புஷ்பா ரேணுகாவுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுகிறவள். தலைக்கு எண்ணெய் வைத்தால் கஞ்சத்தனமே காட்டமாட்டாள், நெற்றியில் வழியும்.

“எத்தினி வாட்டி சொல்றது? எண்ணெ பட்ட எடத்துல பவுடர் புடிக்காது. நீ தலயத் தொட்டுட்டு கதவத் தொடுற. நாளைலருந்து வராத.”

“சார், பசங்க மேல சத்தியமா நான் வேல நேரத்துல தலயத் தொடறதில்ல சார்.”

“சத்தியத்தக் கம்பெனிக்காரன் வாங்கமாட்டான்மா.”

ரேணுகா தன் கொக்கியில் அடுத்த கதவை மாட்டினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கழித்துப் போட்ட கதவுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு கதவு அவள் முகத்துக்கு நேரே சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் மீன் கண்கள் சிதறி விழவில்லை. முன்பக்கம் நாலு கொத்து வரிசையாக, பின்பக்கம் ஒரு கொத்து தனியாக. கதவைப் பிடித்துத் தூக்கினால் எங்கெங்கே விரல் படுமோ அங்கங்கே. ரேணுகா சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, மெல்ல விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. புஷ்பாவின் கை முறம் போல அகலம்; அது இங்கே பொருந்தவே பொருந்தாது.

கையுறை போட்டிருந்தேனே என்று நினைத்தாள். அந்த நூல் கையுறை தண்ணீரையே தாங்காது, எண்ணெயையா தாங்கும்?

அப்போது ஒரு யோசனை வந்தது, சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை. இன்றிலிருந்து கையில் தடவுவதை நிறுத்திவிடலாம். நெஞ்சுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். நாளைக்குப் புஷ்பா இருக்கமாட்டாள், மீன் கண்ணும் இருக்காது. எல்லாம் புஷ்பாவின் தலையெண்ணெய்தான் என்று லோகநாதன் நிம்மதியாக இருப்பார். யாருக்கும் தெரியப்போவதில்லை. இராத்தூக்கமும் மிச்சம், வேலையும் மிச்சம். ரேணுகா அதை வேண்டாமென்று உடனே தள்ளிவிடவில்லை. ஒரு வாய் சோற்றை மென்று முடிக்கும் வரை அதை ஆசையாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம் கிடைக்காதவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

புஷ்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நீயாச்சும் சொல்லேன் ரேணு. நீ பக்கத்துலதான நின்னுகினு கீற. நான் தலயத் தொட்டுப் பாத்திருக்கியா?”

ரேணுகா டிபன் பாக்ஸை மூடினாள். எழுந்தபோது மூச்சு இரைத்தது. எரிச்சலாகவும் இருந்தது, இவள் பேசாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. “வா” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

லோகநாதன் ரேணுகாவின் எண்ணெய்க் கதையைக் கேட்டார். நம்பவில்லை. “இன்னா எண்ணெ? வாசனையே வரலியே?”

“ஆசிட் நாத்தத்துல எது சார் வரும்?” என்று ரேணுகா கையுறையைக் கழற்றி நீட்டினாள். அவர் குனிந்து முகர்ந்தார். முகம் சட்டென்று மாறியது.

“ஊட்டிக்குப் போன மாதிரி கீதும்மா.”

அவரும் கெட்டவர் இல்லை. கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்தான். புஷ்பாவிடம், “நீ பையை வெச்சிட்டு வேலயப் பாரு” என்றார். அப்புறம் ரேணுகாவிடம் திரும்பினார்.

“ராத்திரி போட்டாலும் காலைல கையில இருக்கும். நெஞ்சுல போட்டாலும் கை அங்கதான் போவும். ஆகமொத்தம் எண்ணெயே வேணாம். இந்தத் தகரத்துக்கு எண்ணெ ஒத்துக்காதும்மா.”

“எனக்கு அது இல்லன்னா ஒத்துக்கலயே சார்.”

ரேணுகாவே தொடர்ந்தாள். “பேக்கிங்ல போடுங்க சார். சுட்டதுக்கு அப்பால எண்ணெ பட்டா இன்னா? தொடச்சா போச்சு.”

“பேக்கிங்ல அடுக்குறதத் தூக்கி வண்டில ஏத்தணும். உனக்குதான் மூச்சு வாங்குதே. நீ எப்டி தூக்குவ?”

மூச்சு வாங்கக் கூடாதென்றுதான் சார் எண்ணெயே போட்டேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்ல மூச்சு வேண்டுமே. “சரி சார்” என்று சொல்லிவிட்டுத் தன் கொக்கிக்குப் போய்விட்டாள்.

வீட்டில் சிம்ரன் குதித்தாள். “அந்த வேலய உட்டுட்டு வாமா” என்றாள். விட்டுவிட்டு எங்கே வர என்று ரேணுகா கேட்டாள். சிம்ரனுக்கே இன்னும் பார்லரில் பாதி நாள்தான் வேலை. குப்பியை அலமாரி உச்சியில் தூக்கி வைத்துவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். விசில் சத்தம் மறுபடி ஏறியது.

பட்டறையில் மீன் கண் நின்றுபோனது. அதோடு புது வழக்கம் ஒன்று வந்தது. காலையில் கொக்கிப் பக்கம் போகிற பெண்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். லோகநாதன் ஒவ்வொரு கையாக முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். இளசுகள் கிசுகிசுத்துச் சிரிக்கும். புஷ்பா தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டுவிட்டாள்; அவள் முடி தேங்காய் நார் மாதிரி பறந்தது. அதற்காகவோ எதற்காகவோ அவள் ரேணுகாவிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் கனமான கதவு வந்தால் கேட்காமலே தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க ஆட்கள் வருகிற அன்றைக்கு லோகநாதன் இன்னும் கவனமாக முகர்ந்தார். ரேணுகாவின் முறை வந்தது. எண்ணெய்ச் சந்தேகமே வரக்கூடாதென்று அவள் விடியற்காலையில் சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவியிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, ஒன்றிரண்டு இடத்தில் ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. நீட்டவே கூசியது. நீட்டினாள். ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தாள், கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது.

லோகநாதன் கையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், திருப்பி இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு நிம்மதியாக நிமிர்ந்தார்.

“கை சுத்தமா கீது. உள்ள போம்மா.”