சாட்சிக் கூண்டில் பாரிஸ்டர்

நாலாவது நாளும் மீசைக்காரர் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டார்.

“ஏம்மா நீங்க சைக்கிளை நிறுத்தல?”

பாரிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். தலை நரைக்கும்வரை நாடு நாடாகப் போய் வக்கீல்களுக்குக் குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்தவர். எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு மீசைக்காரர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சில நாடுகளில் மீசை மட்டும் இருப்பதில்லை.

“ஏன்னு கேக்காதீங்கய்யா! ‘நீங்க நிறுத்தல’ன்னு சொல்லுங்க, ‘ஆமா’ன்னு வரும். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். வேணுங்கிறது கிடைச்சதும் உக்காந்துடுங்க. ஏன்னு கேட்டா சாட்சி கையில மைக்கைக் குடுத்த மாதிரி.”

“புரியுது சார். ஆனா ஏன் கேக்கக்கூடாது?”

சாட்சிக் கூண்டிலிருந்து சிரிப்பு வந்தது. கூண்டு என்றால் ஒரு நாற்காலி, முன்னால் ஆடுகிற மேசை. உள்ளே இருந்தது பாரிஸ்டரின் மனைவி. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்தார். பயிற்சி வழக்கில் சாட்சியாக நடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திங்கட்கிழமையிலிருந்து அம்மாள் இந்தக் கூண்டைத்தான் சுற்றிப் பார்க்கிறார்.

பாரிஸ்டரின் எரிச்சலுக்கு மீசை மட்டும் காரணமில்லை. அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். கூடவே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர், அதே வாரத்தில் இன்னொரு நாட்டு வகுப்புக்கும் தலையாட்டிவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. விமானத்தில் சீட் பெல்ட் போட்டபின் சொல்லலாம், எழுந்து போக முடியாதே! ஏன் என்று கேட்டால் விளக்கமும் தயார்: முன்னுரை, உருக்கமான நடுப்பகுதி, முடிவுரை.

கடைசிப் பயிற்சியில் வேஷம் மாறும். ஆசிரியர் கூண்டில் ஏறுவார், வக்கீல்கள் கேட்பார்கள். ஏறினார். யாருக்கும் தைரியம் வரவில்லை.

“நான் கேக்கட்டுமா?” என்றார் மனைவி. வகுப்பு கைதட்டியது.

“அடுத்த மாசம் நம்ம பொண்ணுக்குப் பிரசவம்.”

“ஆமா.”

“கூட இருப்பேன்னு அவகிட்ட சொன்னீங்க.”

“ஆமா.”

“அதே வாரம் இன்னொரு கிளாஸுக்கும் ஒத்துக்கிட்டீங்க.”

வகுப்புகளை ஏற்பாடு செய்கிற அம்மணி டீக்கோப்பைக்குப் பின்னால் ஒளிந்தார். உளறியது யார் என்று விளங்கிவிட்டது.

“அது வந்து...”

“ஆமாவா இல்லையா சார்?” என்று மீசைக்காரர் எடுத்துக்கொடுத்தார்.

“ஆமா.”

“அவ பொறந்த அன்னிக்கும் நீங்க வெளிநாட்டுல கிளாஸ்தான் எடுத்துட்டிருந்தீங்க.”

இந்த “ஆமா” முன்வரிசைக்கே கேட்கவில்லை.

“வேற கேள்வி இல்ல.” அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதானா? அத்தனை அழகாகத் தயாரித்த விளக்கம் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரே ஒரு ‘ஏன்’ போதும், ஊரையே அழவைத்துவிடுவார். மீசைக்காரரைக் கண்ணால் கெஞ்சினார். அவர் வாயைத் திறந்தார். அம்மாளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்று பாரிஸ்டரே வலியப் போனார்.

“இல்லைங்க சார். அம்மாவுக்கு வேணுங்கிறது கிடைச்சிருச்சு. உக்காந்துட்டாங்க.”

“யோவ்! நாலு நாளா உயிரை வாங்கினீங்களே, இப்ப கேளுங்கய்யா, ஏன்னு!”

“இப்பதான் சார் பாடம் புரிஞ்சுது.” மீசை பூவாக மலர்ந்தது.

கேட்க நாதியில்லாமல் பாரிஸ்டர் தன்னையே கேட்டுப் பார்த்தார். முன்னுரை ஞாபகம் வந்தது. நடுப்பகுதியைத் தேடினால், ஆஸ்பத்திரி வராந்தாவில் கையை எங்கே வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியாத ஒரு ஆள்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார். அது அவரேதான். அந்த வராந்தாவுக்குப் பயந்துதான் நாடு நாடாக இந்தக் கூண்டுகள். இங்கேயாவது உட்கார நாற்காலி உண்டு.

அவர் டீக்கோப்பைப் பக்கம் திரும்பினார்.

“அடுத்த மாசத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“ஏன் சார்?” என்று பதறினார் அம்மணி.

வந்துவிட்டது! பாரிஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“பொண்ணுக்குப் பிரசவம்.”

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூண்டருகே வந்தார்.

“ஊர் சுத்திக் காட்டறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க.”

“ஆமா,” என்று பாரிஸ்டர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டார்.